படகு ஓடினால் அடுப்பு எரியும்!

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் தறி ஓடினால்தான் அடுப்பு எரியும். தென்கோடியில் உள்ள கன்னியாகுமரியிலோ, படகு ஓடினால்தான் அடுப்பு எரியும்!

வங்கக்கடல், அரபிக்கடல், இந்துமாக்கடல் மூன்றும் கூடும் இடம் குமரிமுனை. கதிரவன் கடலில் எழுவதையும் கடலில் மறைவதையும் ஒரே ஊரில் காணலாம். சித்திரைப் பவுர்ணமி மாலையில், ஒருபுறம் கதிரவன் மறையும். மறுபுறம் நிலவு எழும்!

1956 நவம்பர் 1-ந் தேதி குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. கடல் நடுவே உள்ள பாறையில் 1970-ல் விவேகானந்தர் மண்டபம் திறக்கப்பட்டது. அடுத்த பாறையில் 133 அடி உயர வள்ளுவர் சிலை 2000-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி திறக்கப்பட்டது. இரண்டையும் இணைக்கும் 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் வந்தது.

கூட்டம் பெருகியது, விடுதிகள் உயர்ந்தன. சங்கு, சிப்பி மாலை விற்போரும் பிழைக்கிறார்கள். ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழியில் கடைகளில் நல்ல வியாபாரம்.

ஆனால் கடல் சீறினால் பயணிகள் படகு நின்றுவிடும். மீனவர் படகும் கரையேறிவிடும்.

2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது. பாறையில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கித் தவித்தனர். அவர்களை மீட்க விரைந்தவர்களில் மீனவர்களும் உண்டு!

பயணிகள் வருவார்கள், போவார்கள். மீனவர்கள் என்றும் அந்தக் கரையிலேயே வாழ்கிறவர்கள். ஊர் வளரட்டும், அவர்கள் அடுப்பும் எரியட்டும்!