உஷார்! டியூபில் 12 மணி நேரம், தோலில் 2 மணி நேரம்

முழுப் பரீட்சை லீவு விட்டாச்சு. சேலத்தில் வெயில் சதமடித்தது, கரூர் பரமத்தியிலும் சதமடித்தது என்று பேப்பரில் வரத் தொடங்கியாச்சு. ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் ஒகேனக்கல்லுக்கும் வேன் பேசிய குடும்பங்கள், கிளம்புவதற்கு முந்தின நாள் மெடிக்கலில் வந்து நிற்கின்றன. "தம்பி, புள்ளைங்க நல்ல செகப்பு, வெயில்ல போனா கன்னிப் போயிருதுங்க. காலைல ஒருக்கா தடவுனா பொழுது சாயற வரைக்கும் தாங்கற மாதிரி ஒண்ணு குடுங்க." தம்பியும் எடுத்துக் கொடுக்கிறார். அட்டையில் 8 மணி நேரம், 12 மணி நேரம், நாள் முழுக்கப் பாதுகாப்பு என்று ஏதோ ஒன்று பளபளவென்று அச்சடித்திருக்கிறது.

அந்த எழுத்தை நம்பி டூர் போகாதீர்கள். சன்ஸ்கிரீன் வேண்டாம் என்று சொல்லவில்லை. வெளுத்த தோலுக்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் காலையில் ஒரு தடவை பூசிவிட்டு மாலை வரை கவலையில்லாமல் திரியலாம் என்கிற நினைப்பு, ஒன்றுமே பூசாமல் போவதைவிட ஆபத்து. பூசாதவர் நிழலைத் தேடுவார், தலையில் துண்டைப் போடுவார். பூசியவர் நடு மதியத்தில் பாறைமேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்.

நீண்ட நேரம் தாங்கும் என்ற பேச்சுக்கு என்ன மதிப்பு என்று இங்கிலாந்தில் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். வெள்ளைத் தோல்காரர்கள் கடற்கரை லீவுக்கு வாங்கிப் போகிற, ஒரு நாளைக்கு ஒரு தடவை பூசினால் போதும் என்று விற்ற நான்கு கிரீம்களை 2016இல் 'விச்?' என்ற நுகர்வோர் அமைப்பு பரிசோதித்தது. ஆறு முதல் எட்டு மணி நேரம் கழித்து, பாதுகாப்பு சராசரியாக 74 சதவீதம் குறைந்திருந்தது. காலையில் எஸ்.பி.எஃப். என்கிற வெயில் காப்பு எண் 30 என்று பூசியது சாயங்காலம் 8 ஆகிவிடுகிறது என்று அர்த்தம். கம்பெனிகள் இந்த முடிவை ஏற்கவில்லை, எங்கள் சோதனை வேறு மாதிரி என்றன. ஐரோப்பிய ஆணையமோ 2006லேயே பரிந்துரை எழுதிவிட்டது: நூறு சதவீதப் பாதுகாப்பு என்றும், மறுபடி பூசத் தேவையில்லை என்றும் லேபிளில் போடக் கூடாது. அங்கே கூடாது என்றான வாசகம் இங்கே நம் மெடிக்கல் ஷெல்ஃபில் தைரியமாக உட்கார்ந்திருக்கிறது.

ஏமாற்றம் நேரத்தில் மட்டும்தான் என்றால்கூடப் பரவாயில்லை. எஸ்.பி.எஃப். எண்ணே தகராறில் இருக்கிறது. 2025 ஜூனில் ஆஸ்திரேலியாவின் 'சாய்ஸ்' அமைப்பு 20 சன்ஸ்கிரீன்களை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது, 16 கிரீம்கள் லேபிளில் போட்ட அளவை எட்டவில்லை. 50+ என்று விற்ற ஒரு கிரீம் வெறும் 4 காட்டியது. பிறகு அது கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சன்ஸ்கிரீனை மருந்துக்கு நிகராகக் கட்டுப்படுத்தும் நாட்டிலேயே இந்தக் கதி. அதே ஆண்டு ஏப்ரலில் நம் நாட்டிலும் ஒரு சண்டை நடந்தது. ஆன்லைனில் அமோகமாக விற்கும் சில எஸ்.பி.எஃப். 50 கிரீம்கள் சோதனையில் 20தான் காட்டுகின்றன என்று லக்மே விளம்பரம் செய்தது. தி டெர்மா கோ கிரீமை விற்கும் ஹோனாசா நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. லக்மேயின் உரிமையாளரான ஹிந்துஸ்தான் யூனிலீவர் மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கடைசியில் விளம்பரத்தை மாற்றிக்கொள்ள யூனிலீவர் ஒப்புக்கொண்டது. நம்மைப் பொறுத்தவரை யார் ஜெயித்தார்கள் என்பது விஷயமில்லை. எண்ணைப் பற்றிக் கம்பெனிகளே ஒன்றை ஒன்று நம்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த எண்ணை நாம் புரிந்துகொண்டிருப்பதும் தப்பு. வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு சுற்றுகிறது: சும்மா நின்றால் பத்து நிமிடத்தில் தோல் சிவக்கும், அதை 50ஆல் பெருக்கு, ஐந்நூறு நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேல். கணக்கு வாத்தியார் முழு மார்க் போடுவார், தோல் போடாது. பரிசோதனைக் கூடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் அளந்து பூசி, விளக்கொளியில் வைத்து எடுக்கிற எண் அது. அங்கே வியர்வை இல்லை, கைக்குட்டை இல்லை, குழந்தையைத் தோளில் தூக்கும்போது தேய்கிற கன்னம் இல்லை. காலை எட்டு மணி வெயிலும் உச்சி வெயிலும் ஒன்றல்ல என்பதையும் அந்தப் பெருக்கல் மறந்துவிடுகிறது.

அந்த 2 மில்லிகிராம் கணக்கில், முகம், கழுத்து, காது, இரண்டு முன்கைகள் என்று மட்டும் வைத்தால்கூட ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு 6 கிராம் அளவுக்கு வேண்டும். நாலு பேருக்கு 24 கிராம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூச வேண்டும் என்பதால், ஒரு நாளில் மூன்று தடவை பூசினால் 72 கிராம். நாம் வாங்குவது 50 கிராம் டியூப். அது அடுத்த வருடம் தேர் வரைக்கும் வருகிறது! பொட்டு வைக்கிற அளவு எடுத்துத் தேய்த்தால், 50 என்று போட்டது பாதியோ அதற்கும் கீழோதான் வேலை செய்யும். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் அளவு சரியாக இருக்கும். வெளியே இறங்குவதற்கு 15, 20 நிமிடம் முன்னால் பூசுங்கள்.

தண்ணீரில் கரையாதது என்று போட்டிருந்தால்? அதுவும் வியர்வையும் துண்டும் சேர்ந்தால் போய்விடும். தண்ணீரைத் தாங்கும் என்று போட அமெரிக்கச் சட்டம் 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் என்று மட்டுமே அனுமதிக்கிறது. ஐரோப்பிய முறையிலோ, தண்ணீரில் ஊறி எழுந்த பிறகு பாதிப் பாதுகாப்பு மிஞ்சினாலே அந்தப் பட்டம் கிடைத்துவிடும். இப்போது ஒகேனக்கல்லை நினைத்துப் பாருங்கள். அங்கே எண்ணெய் மசாஜ், அப்புறம் அருவிக் குளியல், அப்புறம் பரிசல். கிரீமின் மேல் எண்ணெய் போட்டுக் கசக்கி, அருவி அடித்துக் கழுவிய பிறகு, பரிசலில் உச்சி வெயிலில் உட்காரும் வெளுத்த முதுகில் காலையில் பூசியதில் என்ன மிச்சம் இருக்கும்? கொல்லிமலை ஆகாய கங்கையிலும் இதே கதைதான். ஆயிரம் படிக்கு மேல் இறங்கி வியர்த்து, அருவியில் நனைந்து, மறுபடி வியர்த்து ஏறுகிறோம். கரையேறித் துவட்டியதும் பூசாவிட்டால், பூசாத கணக்குத்தான்.

மலைதான் பெரிய பொறி. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். கீழே சேலத்தில் கொதிக்கிறது, மேலே சிலுசிலுவென்று இருக்கிறது. அதனால் வெயில் குறைச்சல் என்று நினைக்கிறோம். தோலைச் சுடுவது வெப்பமில்லை, புற ஊதாக் கதிர். ஆயிரம் மீட்டர் ஏறினால் அது சுமார் 10 சதவீதம் கூடுகிறது. மெல்லிய மேகம் அதைத் தடுப்பதில்லை. 90 சதவீதம் தாண்டி வந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2025 மார்ச்சில் கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டவாரியாகப் புற ஊதாக் குறியீட்டை அறிவித்தபோது, குளிருக்குப் பேர்போன மூணாறும் எச்சரிக்கைப் பட்டியலில் இருந்தது. ஏற்காட்டுக் கோடை விழாவுக்கு மே மாதம் போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். படகுத் துறை வரிசையில் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். கன்னம் வேகுவது தெரியாது.

மே மாதத்தில்தான் உச்சம் என்பதும் பாதி உண்மை. சேலம் 11.6 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் 20 வாக்கிலும் ஆகஸ்ட் 22 வாக்கிலும் மதியம் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. அதாவது ஆடிப்பெருக்குக்கு மேட்டூரில் குளிக்கிற கூட்டமும், ஆகஸ்ட் 15 லீவுக்கு மலையேறுகிற கூட்டமும் சித்திரை வெயிலுக்குக் குறையாத கதிரில்தான் நிற்கிறது. மேகமும் காற்றும் இருப்பதால் உறைப்பதில்லை, அவ்வளவுதான்.

எந்தச் சிவப்புத் தோல் என்பதையும் பார்க்க வேண்டும். பிறவியிலேயே கொஞ்சம் வெளுப்பு என்றால், மேலே சொன்னதைக் கவனித்தால் போதும். பிறவி வெளுப்பு நோய் உள்ளவர்களுக்கும் வெண்புள்ளி உள்ளவர்களுக்கும் இது அழகுச் சமாச்சாரமே இல்லை. நிறமி இல்லாத இடம் சீக்கிரம் வெந்துபோகும்; பிறவி வெளுப்பு உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் அபாயமும் அதிகம். உலக சுகாதார நிறுவனம் 2025இல் சன்ஸ்கிரீனை அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்ததே பிறவி வெளுப்பு உள்ளவர்கள் போன்றவர்களை மனதில் வைத்துத்தான். அப்படிப்பட்ட குழந்தையை வைத்துக்கொண்டு 12 மணி நேர விளம்பரத்தை நம்புவது விளையாட்டில்லை.

இன்னொரு சிவப்பு இருக்கிறது; எனக்கு அதிக பயம் அதில்தான். கிரீம் போட்டு வாங்கிய சிவப்பு. கல்யாணம், திருவிழா வருகிறதென்றால் மெடிக்கலில் பேர் சொல்லி வாங்குகிற டியூப்களில் பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு இருக்கும். சிலதில் ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் சேர்ந்திருக்கும். பூசினால் பத்து நாளில் முகம் பளிச்சென்று ஆகும். கூடவே தோலும் மெலிந்துபோகும். மெலிந்த தோல் வெயில் பட்டதும் எரியும், சிவக்கும், நிறுத்தினால் இன்னும் மோசமாகும். 2011இல் வெளியான ஓர் ஆய்வில், முகத்துத் தோல் தொந்தரவோடு இந்தியாவின் பல மருத்துவமனைகளுக்கு வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு கிரீம் பூசிக்கொண்டிருந்தவர்கள். 2018இல் பல ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசு சேர்த்தது. சீட்டில்லாமல் கிடைக்கிறதா இல்லையா என்பது உங்கள் தெரு மெடிக்கலுக்கே வெளிச்சம். அந்த மாதிரி கிரீம் பூசுகிற முகத்தோடு, மேலே நீண்ட நேர சன்ஸ்கிரீனைத் தடவிக்கொண்டு மலைக்குப் போவது முகத்தை அடகு வைப்பதுதான். தோல் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காசு செலவில்லை. பூசுவதைத் திடீரென்று நீங்களே நிறுத்தவும் வேண்டாம்.

முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்கள், ரத்தக் கொதிப்புக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு சாப்பிடுகிறவர்கள் கூட வெயிலில் சீக்கிரம் கன்றிப்போவார்கள். எலுமிச்சையும் அப்படித்தான். வழியில் சர்பத் போட்டுக் கொடுத்த கையோ, சிவப்பாகட்டும் என்று சாறு தேய்த்த முகமோ வெயிலில் பட்டால் கொப்புளம் கிளம்பி, கருத்த தழும்பாக மாதக்கணக்கில் நிற்கும். வெயிலில் இறங்குமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

வாங்கும்போது, ஃபேன்சி ஸ்டோர் வாசலில் வெயில் படும்படி தொங்குகிற டியூப் வேண்டாம். தயாரிப்பு உரிம எண்ணும் காலாவதித் தேதியும் பாருங்கள். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல் இருக்கட்டும். அந்த எண் ஒருவகைக் கதிரை மட்டும் சொல்வது, கருக்கச் செய்கிற இன்னொன்றுக்கு பி.ஏ. என்பதற்குப் பக்கத்தில் மூன்று, நான்கு கூட்டல் குறி வேண்டும். வேனின் டேஷ்போர்டில் டியூபைப் போட்டு வேகவைக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எதையும் பூச வேண்டாம். நிழலும் துணியும் போதும்.

துணி என்றதும் ஒன்று. ராசிபுரம், பரமத்தி பக்கம் கடலைக்காட்டில் களை வெட்டுகிற பெண்கள் சேலைக்கு மேலே ஆம்பளை முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டாத பாதுகாப்பு அது ஒன்றுதான். டூருக்குப் போகிற நமக்கு அது கௌரவக் குறைச்சலாகத் தெரிகிறது. காலை பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை முழுக்கைப் பருத்திச் சட்டை, அகல விளிம்புத் தொப்பி, முடிந்தவரை நிழல். திறந்திருக்கிற இடத்துக்கு மட்டும் கிரீம் என்று வைத்துக்கொண்டால் டியூபும் மிச்சமாகும்.

இவ்வளவுக்குப் பிறகும் கன்றிப்போனால், அது உடனே தெரியாது. சிவப்பு மூன்று, நாலு மணி நேரம் கழித்துத்தான் ஏறும். மறுநாள்தான் உச்சத்துக்குப் போகும். எனவே பிள்ளை வேனில் சும்மா தூங்கிக்கொண்டு வந்தாலும், ராத்திரி வீட்டுக்கு வந்ததும் தோள், காது மடல், பின்கழுத்தைப் பாருங்கள். பச்சைத் தண்ணீரில் நனைத்த துணியைப் போடுங்கள், நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். ஐஸ் கட்டி, டூத் பேஸ்ட், எலுமிச்சை, மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். கொப்புளம் பரவினால், காய்ச்சலோ குளிரோ வாந்தியோ வந்தால், முகம் வீங்கினால் விடியும்வரை காத்திராமல் டாக்டரிடம் போங்கள். போகும்போது அன்று பூசிய டியூபையும், வழக்கமாகப் பூசுகிற சிவப்பழகு கிரீமையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். அதை டாக்டரிடம் மறைத்தால் வைத்தியம் தப்பாகப் போகும்.