ஏழு ஊர், ஒரு ஓடை

வோக்ஸ்வாகனின் 'கஸ்ஸல் ஆலை' எங்கே இருக்குன்னு மேப்பில் தேடினேன். கஸ்ஸலில் இல்லை! பக்கத்தில் பவுனதால் என்ற சிறு நகரத்தில் இருக்கு. அந்த நகரத்துக்கு அறுபது வயசுதான். அதில் உள்ள ஊர்களோ பல நூற்றாண்டு பழசு.

எப்படி? 1957-ல் ஆல்டன்பவுனா கிராமத்திலிருந்த பழைய விமான எஞ்சின் ஆலையை வோக்ஸ்வாகன் வாங்கியது. ஜெர்மனியில் தொழில் வரி உள்ளாட்சிக்குப் போகும். ஆக, வரிப்பணம் ஒரு கிராமத்துக்கு. ஆனால் வேலைக்கு வருபவர்களுக்கு வீடு, பள்ளி, சாலை எல்லாம் அக்கம்பக்கத்து ஊர்களிலும் வேணும். தனித்தனியா நின்னா சரிவராது இல்லையா?

1964-ல் ஆல்டன்பவுனாவும் கிர்ஷ்பவுனாவும் இணைந்தன. பெயர், அங்கே ஓடும் பவுனா ஓடையிலிருந்து வந்தது; 'தால்' என்றால் பள்ளத்தாக்கு. 1966-ல் ஆல்டன்ரிட்டே, குரோசன்ரிட்டே சேர்ந்தன, நகர அந்தஸ்தும் கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் குண்டர்ஸ்ஹவுசன், ஹெர்டிங்ஸ்ஹவுசன், ரெங்கர்ஸ்ஹவுசன் என மேலும் மூன்று.

எனக்குப் பிடித்தது இதுதான்: எந்த ஊரும் இன்னொரு ஊரின் பெயருக்குள் கரைந்து போகவில்லை. ஏழு பெயர்களும் நகரப் பகுதிகளின் பெயர்களா இன்னும் இருக்கு. எல்லாத்துக்கும் காரணமான ஆலைதான் இன்னும் கஸ்ஸல் பெயரிலேயே ஓடுது!