இணையதளத்திற்கு வருவோர் எத்தனை பேர்? வாங்குவோர் எத்தனை பேர்?

கோலார் தங்க வயலின் கதையை அறிந்தோர்க்கு ஓர் உண்மை நன்கு விளங்கும். ஒரு தங்கச் சுரங்கத்தின் நிலையை, மேலே வந்து சேர்ந்த பாறையின் எடையைக் கொண்டு மட்டும் கணித்துவிட முடியாது. ஒரு டன் பாறைக்கு எத்தனை கிராம் தங்கம் கிடைக்கிறது, அதனை எடுக்க எவ்வளவு செலவாகிறது என்னும் இரண்டு கணக்குகளே சுரங்கத்தின் ஆயுளைத் தீர்மானித்தன. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கே தொழிலைத் தொடங்கியது முதல் ஏறத்தாழ 120 ஆண்டுகளில், சுமார் 5 கோடி டன் பாறையிலிருந்து 800 டன்னுக்கும் மேலான தங்கம் எடுக்கப்பட்டது. சராசரியாக டன்னுக்கு ஏறக்குறைய 16 கிராம். இறுதி ஆண்டுகளிலோ அது 3 கிராம் அளவிற்குக் குறைந்திருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபோது நிலத்தடியில் தங்கம் அற்றுப்போய்விடவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் வரை இறங்கி அதனை எடுக்கும் செலவு, கிடைத்த வருவாயை விஞ்சியிருந்தது.

சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், இவ்வூரார் பலர் பெங்களூருக்கு நாள்தோறும் தொடர்வண்டியில் சென்று பணிபுரிகின்றனர். வேறு பலர் உள்ளூரிலேயே சிறுதொழில் நடத்துகின்றனர். அத்தகைய சிறுதொழில் முனைவோர் இணையதளம் ஒன்றை அமைத்ததும், வருகையாளர் அறிக்கை என ஒன்று மாதந்தோறும் அவர்கள் கைக்கு வருகிறது. அதிலுள்ள எண்களுள் எது பாறை, எது தங்கம் என்று பிரித்தறிவது இன்றியமையாதது. விளம்பரத்திற்குச் செல்லும் பணம் சேமிப்பிலிருந்தோ கடனிலிருந்தோ வருவதால், இதில் நேரும் பிழை நேரே குடும்பத்தின் வரவு செலவைத் தாக்கும்.

எடுத்துக்காட்டாக, ராபர்ட்சன்பேட்டையில் ஓர் ஆடைக்கடை இருப்பதாகக் கொள்வோம். அதன் இணையதளத்திற்கு ஒரு மாதத்தில் 50,000 ஹிட் கிடைத்ததாக அறிக்கை கூறுகிறது. இந்த எண்ணை ஒவ்வொரு படியாக இறக்கிப் பார்ப்போம்.

ஹிட் என்பது, இணையதளம் இருக்கும் கணினியிடம் ஒரு கோப்பு கேட்கப்பட்ட தடவை. ஒரு பக்கத்தில் படங்களும் பிற கோப்புகளுமாக 24 இருந்தால், அப்பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறப்பதே 25 ஹிட் ஆகிவிடும். ஆகவே 50,000 ஹிட் என்பது உண்மையில் 2,000 பக்கப் பார்வைகளே. இதனைப் பேஜ் வியூ என்பர்.

ஒருவர் தளத்திற்கு வந்து சில பக்கங்களைப் பார்த்துச் செல்வது ஒரு வருகை, அதாவது செஷன். கூகுள் அனலிட்டிக்ஸ் கருவியில், 30 நிமிடம் எவ்விதச் செயலும் இல்லையெனில் அவ்வருகை முடிந்ததாக இயல்பாகக் கொள்ளப்படும். நம் கடைக்கு இவ்வாறு 800 வருகைகள் எனக் கொள்வோம்.

அந்த 800 வருகைகளையும் நிகழ்த்தியோர் 600 பேர். இவர்களே பயனர்கள், அதாவது யூசர். இவ்வெண்ணும் துல்லியமான தலைக்கணக்கு ஆகாது. உலாவியில் பதியப்படும் குக்கி எனும் சிறு குறிப்பைக் கொண்டே ஆளை அடையாளம் காண்பதால், கைப்பேசியிலும் கணினியிலும் பார்த்த ஒரே வாடிக்கையாளர் இருவராக எண்ணப்படலாம். வீட்டார் நால்வர் பயன்படுத்தும் ஒரே கைப்பேசி ஒருவராகவும் எண்ணப்படலாம்.

அடுத்தது பவுன்ஸ் ரேட். கூகுள் அனலிட்டிக்ஸின் இப்போதைய வடிவத்தில், 10 விநாடிக்கு மேல் நீடித்த வருகை, இரண்டு பக்கங்களையேனும் பார்த்த வருகை, நாம் முக்கியம் எனக் குறித்த செயல் நிகழ்ந்த வருகை ஆகியவை ஈடுபாடுள்ள வருகைகள் எனப்படும். எஞ்சியவற்றின் விழுக்காடே பவுன்ஸ் ரேட். 800 வருகைகளில் 480 ஈடுபாடுள்ளவை எனில் பவுன்ஸ் ரேட் 40 விழுக்காடு. இதனைக் கண்டு உடனே கலங்க வேண்டியதில்லை. தொலைபேசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் சில விநாடிகளில் கடையை அழைத்தவரும் இந்தக் கணக்கில் விழக்கூடும். எனவே அழைப்புப் பொத்தானை அழுத்துவதையும் முக்கியச் செயலாகக் குறித்து வைப்பது நலம்.

இறுதியாக வருவது கன்வர்ஷன், அதாவது வருகை விற்பனையாக மாறுதல். 800 வருகைகளில் 12 ஆணைகள் கிடைத்திருந்தால் அது 1.5 விழுக்காடு. ஐம்பதாயிரத்தில் தொடங்கிய எண் பன்னிரண்டில் வந்து நிற்கிறது. கடைக்கு வருவாய் தருவது இந்தப் பன்னிரண்டே.

இனிச் செலவைப் பார்ப்போம். அம்மாதம் விளம்பரத்திற்கு ரூ. 9,000 செலவாயிற்று. ஓர் ஆணையில் நிற்கும் இலாபம் ரூ. 500. செலவைப் பன்னிரண்டு ஆணைகளுக்கும் பகிர்ந்தால் ஓர் ஆணைக்கு ரூ. 750 ஆகிறது, ஒவ்வொன்றிலும் ரூ. 250 நட்டம். ஆனால் சுரங்கத்தின் 16 கிராம் சராசரி இறுதிக்கால நிலையை மறைத்ததுபோல, இந்தச் சராசரியும் ஒன்றை மறைக்கிறது.

வருகையாளர் எவ்வழியாக வந்தனர் என்பதையும் அறிக்கை தனித்தனியே காட்டும். கட்டண விளம்பரத்தின் வழியே 500 வருகைகள், 3 ஆணைகள். தேடுபொறியின் வழியே 200 வருகைகள், 5 ஆணைகள். வாட்ஸ்அப்பில் பகிரப்பட்ட இணைப்பின் வழியே 100 வருகைகள், 4 ஆணைகள். ஆக, விளம்பரத்தால் வந்த ஒவ்வோர் ஆணைக்கும் செலவு ரூ. 3,000. மிகுதியான கூட்டத்தைக் கொணர்ந்த வழியே மிகுதியான இழப்பையும் தந்திருக்கிறது. வாட்ஸ்அப் வழியாக வருவோர் பெரும்பாலும் நேரடி வருகை என்ற தலைப்பின்கீழ்ப் பதிவாகிவிடுவர். ஆதலின், அங்கே பகிரும் இணைப்புக்கு யூ.டி.எம். எனப்படும் அடையாளக் குறி சேர்த்து அனுப்பினால்தான் இக்கணக்குத் தெளியும். மேலும் ஒரு மாதத்தின் 3 ஆணைகள் மிகச் சிறிய எண். ஓரிரண்டு மாதங்கள் கூடுதலாக ஒப்புநோக்கிய பின்னரே விளம்பரத்தை நிறுத்துவதா, மாற்றுவதா என முடிவு செய்வது முறை.

நம் வாடிக்கையாளர்கள் சிலவற்றை நினைவில் கொள்ள வேண்டுகிறோம். ஓர் இலட்சம் ஹிட் பெற்றுத் தருவதாகக் கூறிப் பணம் கேட்போரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மனிதர் எவரும் வராமலே தானியங்கி நிரல்களைக் கொண்டு அந்த எண்ணை உயர்த்த இயலும். எத்தனை விசாரணைகள், எத்தனை ஆணைகள் என்று கேளுங்கள். பகுப்பாய்வுக் கணக்கை உங்கள் பெயரிலேயே தொடங்குங்கள்; முகவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் வழங்குங்கள்; கடவுச்சொல்லைத் தர வேண்டா. வருகையாளரின் தகவல்களைத் திரட்டுவோர்க்கு 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கடமைகளை விதித்துள்ளது என்பதையும் மறவாதீர்கள்.

தொழிலை விரிவாக்கக் கடன் கோரி வங்கிக்கு வரும்போது, ஹிட் எண்ணிக்கையைக் காட்டும் அறிக்கையைவிட, மூன்று மாத ஆணைகள், ஓர் ஆணைக்கான விளம்பரச் செலவு, நிகர இலாபம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொணருங்கள். அது வங்கி அலுவலருக்கு உதவுவதோடு, கடன் தொகையில் எவ்வளவை விளம்பரத்திற்கு ஒதுக்கலாம் என்பதை உங்களுக்கும் தெளிவாக்கும்.