கழற்றினால் கொலுசு, கோர்த்தால் வலை

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் பழைய வலைகளைக் காசு கொடுத்து வாங்கும் மையத்தைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் திறந்தது. வலை நூலாகும், நூல் உடுப்பாகும், கடல் சுத்தமாகிவிடும் என்ற பேச்சும் கூடவே கிளம்பியது. கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் வலை மறுபடி நூலாகும் வித்தை அற்புதமானது.

நரம்பு வலையும் தூண்டில் நரம்பும் பெரும்பாலும் நைலான் 6. அதன் மூலப்பொருளான காப்ரோலாக்டம், ஆறு கார்பனும் ஒரு நைட்ரஜனும் கூடிய சிறு வளையம். அதைக் கொலுசு என்று வையுங்கள்: ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் கண்ணி, தன்னைத் தானே கவ்விக்கொண்டிருக்கிறது. சூட்டில் கொக்கி கழன்றதும் பக்கத்துக் கொலுசின் கண்ணியில் மாட்டுகிறது. இப்படி நூற்றுக்கணக்கில் கோர்த்ததுதான் நரம்பு. பாஸ்பாரிக் அமிலம் சேர்த்துக் கடுஞ்சூட்டு நீராவியைச் செலுத்தினால் கொக்கிகள் கழன்று, ஒவ்வொரு துண்டும் பழையபடி கொலுசாகிறது. கழன்றவற்றை ஆவியோடு உடனுக்குடன் வெளியே எடுத்துவிட வேண்டும். உலையிலேயே கிடந்தால் மறுபடி கோர்த்துக்கொள்ளும். வெயிலில் இற்று அறுந்த நரம்பானாலும் கவலையில்லை, சங்கிலி எத்தனை துண்டானாலும் கொலுசு கொலுசுதான். நைலான் 66 அப்படியில்லை. இருபுறமும் கொக்கியே உள்ள கொலுசும் இருபுறமும் கண்ணியே உள்ள கொலுசும் அதில் மாறி மாறி வருகின்றன. கழற்றினால் எதுவும் எந்தக் கணுக்காலிலும் தங்காது.

  

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2023இல் புதிய வினையூக்கியால் 99 சதவீதம் காப்ரோலாக்டத்தை மீட்டார்கள். பிரச்சினையே தீர்ந்ததுபோல் செய்திகள் வந்தன. சோதனைக்கூடத்து நைலான் வேறு, காசிமேட்டுக் குவியல் வேறு. இங்கே ஈயக்குண்டு, மிதவை, கயிறு, சிப்பி எல்லாம் சேர்ந்தே வரும். சிப்பியின் சுண்ணாம்பு, கொக்கி கழற்றும் பாஸ்பாரிக் அமிலத்தையே செயலிழக்கச் செய்துவிடும். விசைப்படகுகளின் இழுவலை பெரும்பாலும் பாலிஎத்திலீன். அதில் கழற்றக் கொக்கியே கிடையாது, உருக்கி வேறு சாமான் வார்க்கலாம், அவ்வளவுதான்.

பழைய வலையை வாங்கினால் கடல் ஆமைகள் பிழைக்கும் என்று நினைத்தால் அதுவும் இப்படித்தான். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. மூச்சுவிட மேலே வர முடியாமல் இழுவலையில் சிக்கி மூழ்கியதே முதன்மைக் காரணமாகச் சொல்லப்பட்டது. அது தொழிலில் இருக்கிற வலை. பழைய வலையை வாங்குவதால் அந்தச் சாவு நிற்காது. கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் இழுவலை கூடாது என்ற விதியையும், ஆமை தப்பிப்போகும் வழி வைத்த வலையையும் கண்டிப்பாக அமல்படுத்தினால்தான் நிற்கும்.

மையத்தால் ஆகிற நன்மை வேறு. கிழிந்த நரம்பு வலையைக் கடலில் விட்டால் அது ஆளில்லாமலே மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டிருக்கும். சிக்கியவை அங்கேயே செத்து அழுகும். கரையிலேயே விலை கிடைத்தால் வலையைக் கடலில் விட யாருக்கும் மனம் வராது. இதற்காகவே இந்தத் திட்டம் நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

நிலைக்க வேண்டுமானால் தரம் பிரிப்பதைத் துறைமுகத்திலேயே செய்ய வேண்டும். நைலானின் அடர்த்தி 1.14, பாலிஎத்திலீனுடையது 0.95 அளவில், கடல்நீருடையது 1.03க்குச் சற்றுக் குறைவு. குண்டையும் மிதவையையும் அறுத்துவிட்டு, ஒரு துண்டை வாளித் தண்ணீரில் காற்றுக்குமிழி போகக் கசக்கி விடுங்கள். மூழ்கினால் பெரும்பாலும் நைலான், மிதந்தால் பாலிஎத்திலீன். பிரித்துக் கொண்டுவருகிறவருக்குக் கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுப்பதை வாரியம் இப்போதே தொடங்கலாம்.