கைத்தொலைபேசியும் ஆண் மலடும்: ஒரு சமூக நோக்கு

தெற்காசியாவில் முதன்முதலாகச் செல்லிடத் தொலைபேசிச் சேவை ஆரம்பமானது 1989இல் இலங்கையிலேயாகும். இன்று வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளின் உச்சியிலும் கொட்டாஞ்சேனையின் நெருக்கமான ஒழுங்கைகளுக்கு மேலாகவும் அலைபரப்பிகள் நிற்கின்றன. அவற்றோடு ஓர் ஐயமும் வளர்ந்துள்ளது: இவ்வலைகள் ஆணின் இனப்பெருக்க ஆற்றலைக் குன்றச்செய்கின்றனவா? இவ்வினாவை விஞ்ஞானத்தின் துணையோடும் சமூக உறவுகளின் பின்னணியிலும் நோக்குவோம்.

வானொலி அலைகள் ஊடுகதிர்களைப் போன்றனவல்ல. இரசாயனப் பிணைப்புக்களை அறுக்கும் சக்தி அவற்றிற்கில்லை. ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்ட விளைவு வெப்பமேற்றலேயாகும். விந்தணு ஆக்கத்திற்கு விதைகள் உடல் வெப்பநிலையினும் 2 முதல் 4 பாகை செல்சியசு குறைவாயிருத்தல் வேண்டுமாதலின், வினா நியாயமானதே. தூரம் இருமடங்காயின் அலைச்செறிவு நான்கிலொன்றாகக் குறையும். ஆகவே, பொதுவாக எதிர்மாடியிலுள்ள கோபுரத்தினும் காற்சட்டைப் பையிலுள்ள கருவியே உடலுக்குக் கூடுதலான சக்தியை அளிக்கிறது. மக்களின் அச்சமோ கோபுரத்தையே நோக்குகிறது.

ஆய்வுகள் கூறுவதென்ன? 2005 முதல் 2018 வரை சுவிற்சர்லாந்தில் 18 முதல் 22 வயது வரையான 2,886 இளைஞரிடம் நடாத்தப்பெற்ற ஆய்வொன்று 2023இல் வெளியாயிற்று. தொலைபேசியை அடிக்கடி பயன்படுத்தியோரிடத்து விந்தணுச் செறிவு குறைந்திருந்தது. எனினும் கருவியைக் காற்சட்டைப் பையில் வைப்பதற்கும் அக்குறைவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. பயன்பாட்டிற்கும் குறைவிற்குமிடையிலான தொடர்பும் பிற்பட்ட ஆண்டுகளில் நலிவுற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி நிகழ்ந்து 2024இல் வெளியான மீளாய்வும், மனிதரிடத்துப் பெறப்பட்ட சான்றுகளின் உறுதி மிகக் குறைவென்றே கண்டது. பயன்பாட்டைப் பயனாளரின் நினைவிலிருந்து கணிப்பதும், மலட்டுச் சிகிச்சை நாடிவந்தோரையே ஆராய்வதும் இத்துறையின் பொதுக் குறைபாடுகளாகும்.

இதனோடு ஒப்புநோக்கத்தக்க நிகழ்ச்சியொன்றுண்டு. 1977இல் கலிபோர்ணியாவில் டி.பி.சி.பி. என்னும் பீடைநாசினியை உற்பத்திசெய்த ஆலையின் தொழிலாளர், தமக்குப் பிள்ளைப்பேறு இல்லாமையைத் தம்முள் பேசி உணர்ந்தனர். பரிசோதனை நிகழ்ந்தது, உண்மை நிறுவப்பட்டது. 1979இல் அந்நாட்டில் அதன் பெரும்பாலான பயன்பாடு நிறுத்தப்பட்டது. ஆண்கள் தம்மைச் சோதனைக்குட்படுத்தியமையாலேயே காரணம் புலனாயிற்று என்பது கருத்தூன்றத்தக்கது.

எமது சமூகத்தில் நிகழ்வது யாது? 'மலடி' என்னும் சொல் நாள்தோறும் வழங்குகிறது. 'மலடன்' என்பது இருந்தும் அருகியே வழங்குகிறது. இது சொல்வழக்கின் தற்செயலன்று. பெண்ணைப் பிள்ளைபெறும் கருவியாகக் கண்ட சொத்துரிமைக் குடும்பத்தின் சுவடாகும். குழந்தையற்ற தம்பதியருள் ஏறத்தாழ அரைவாசிப்பேரிடத்து ஆண்சார்ந்த காரணமும் உண்டு. இருந்தும் சோதனைகளும் நேர்த்திகளும் வசைகளும் முதலில் மனைவியையே சேர்கின்றன. எளிதானதும் வலியற்றதுமான விந்துப் பரிசோதனையோ பின்தள்ளப்படுகிறது. தன்னைச் சோதிக்க நாணும் ஆணுக்குக் கோபுரம் வசதியான மறைப்பாகிவிடுகிறது. 'கதிர்த்தடுப்பு' ஒட்டிகளை விற்போர்க்கோ அவ்வச்சமே மூலதனம்.

எனவே, அலைபற்றிய ஆய்வு தொடர்தல் வேண்டும்; கருவியை உடலினின்றும் சற்று விலக்கிவைப்பதும் தவறன்று. ஆனால் ஆண் பரிசோதனைக்கு முன்வரும்வரை, விடைகாணாத ஒரு வினாவின் சுமையைப் பெண்ணே சுமந்துகொண்டிருப்பாள்.