‘நைஸ்’ என்னும் சொல்: ஒரு பொருள் ஆய்வு

ஆங்கிலம் பயிலாதவர் நாவிலும் தடையின்றிப் புழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘நைஸ்’ என்பதும் ஒன்று. பாட்டு நைஸ், துணி நைஸ், தையல் நைஸ், பழகும் முறையும் நைஸ். நம்மை எவரேனும் இச்சொல்லால் பாராட்டினால் மகிழ்கிறோம். ஆனால் ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலேயர் ஒருவரை இவ்வாறு சுட்டியிருப்பின் அவர் சினந்திருப்பார். அந்நாளில் இதன் பொருள் ‘அறிவிலி’ என்பதே.

சொல்லின் பிறப்பு

இலத்தீன் மொழியில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். ‘நெ’ என்பது எதிர்மறை. ‘ஸ்கிரே’ என்பது அறிதல். இச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்தை அடைந்தது. ‘சயின்ஸ்’ என்னும் சொல்லும் அதே ‘ஸ்கிரே’யினின்று கிளைத்ததே. தமிழில் ‘அறி’ என்னும் ஒரே அடியிலிருந்து அறிவிலியும் அறிவியலும் தோன்றியமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

பொருள் மாற்றம்

அறிவிலி என்ற பொருள் படிப்படியே கூச்சமுடையவர், எளிதில் மனநிறைவு கொள்ளாதவர் எனத் திரிந்தது. பின்னர் நுட்பமாக ஆராய்தல், துல்லியம் என்னும் பொருள்கள் தோன்றின. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘இனிய’, ‘மகிழ்வளிக்கும்’ என்னும் இன்றைய பொருள் வேரூன்றியது. இத்தகைய ஏற்றத்தை மொழிநூலார் உயர்பொருட்பேறு என்பர். ‘சில்லி’ என்னும் ஆங்கிலச் சொல்லோ, பேறு பெற்றவர் என்னும் பொருளிலிருந்து பேதை என்னும் பொருளுக்கு இறங்கியது. நறுமணத்தையும் குறித்த நம் ‘நாற்றம்’ இன்று தீய மணத்தை மட்டுமே குறிப்பதும் இவ்வாறான இழிபொருட்பேறே.

எதற்கெடுத்தாலும் ‘நைஸ்’ என்னும் வழக்கம் அன்றே எள்ளலுக்கு உள்ளாயிற்று. 1817ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’ புதினத்தில், ஒரு நூலை மிக நைஸானது என்று புகழும் காதரீனை, ஹென்றி டில்னி நகையாடுகிறான். நூற்கட்டின் நேர்த்தியைத்தான் சொல்கிறாயோ என்பது அவன் கேலியின் சாரம்.

இன்றைய வழக்கு

ஆங்கிலத்தில் பழைய பொருள் முற்றும் மறையவில்லை. ‘நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்றால் நுண்ணிய வேறுபாடு. அதனை அழகிய வேறுபாடு என மொழிபெயர்ப்பது பிழை. ‘நைஸ் மெஸ்’ என்பது குழப்பத்தைக் கண்டு எள்ளி உரைப்பது. நாம் ‘நல்ல கூத்து!’ என்பது போன்றது.

தமிழரிடம் வந்த ‘நைஸ்’ ஆங்கிலத்தில் இல்லாத பொருள்களையும் பெற்றது. மாவை நைஸாக அரைக்கிறோம். இங்கு அது நுண்மை. கூட்டத்திலிருந்து ஒருவன் நைஸாக நழுவுகிறான். இங்கு அது பிறர் அறியாமை. ஒருவரிடம் நைஸாகப் பேசிக் காரியம் முடிக்கிறான். இங்கு அது தந்திரம். ஆங்கிலேயர் இனிமையாகப் பேசியவரை இச்சொல்லால் பாராட்டுவர். நாமோ அதே சொல்லால் ஐயுறுகிறோம்! ‘நைய அரைத்தல்’ என்பதில் வரும் ‘நை’ தூய தமிழ் வினை; ஒலி ஒத்திருப்பதால் மட்டும் இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் ஆகாது.

நாம் கொள்ள வேண்டுவது

பிறமொழிச் சொல்லைப் பயன்படுத்துவதே குற்றம் என்பது நம் கருத்தன்று. நாம் அஞ்சுவது வேறு. பாட்டு இனியது, துணி மெல்லியது, தையல் நேர்த்தியானது, பழகும் முறை பண்பானது. இந்நான்கையும் ஒரே சொல்லால் குறிக்கும்போது நான்கு தமிழ்ச் சொற்கள் நம் நாவைவிட்டு நீங்குகின்றன. அவற்றோடு, எதனை ஏன் பாராட்டுகிறோம் என எண்ணிப்பார்க்கும் பழக்கமும் நீங்குகிறது. ஆகவே மாணவர்கள் ‘நைஸ்’ என்று சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், எவ்வகையில் என்று ஒருமுறை தம்மையே கேட்டுக்கொள்வார்களாக. உரிய தமிழ்ச் சொல் தானே வந்து நிற்கும்.