கைப்பேசித் தலைமுறை – 11: ஸ்க்ரீன்ஷாட் எழுதும் நடத்தைச் சான்றிதழ்

2020 மே முதல் வாரம். நாடு முழுக்க ஊரடங்கு. பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் பெற்றோரின் கண்ணெதிரிலேயே வீட்டுக்குள் இருந்தார்கள். அந்த நாள்களில்தான் தெற்கு டெல்லியைச் சேர்ந்த ஒரு பெண் சில ஸ்க்ரீன்ஷாட்டுகளை வெளியிட்டார். ‘பாய்ஸ் லாக்கர் ரூம்’ என்ற இன்ஸ்டாகிராம் குழுவில் பள்ளி மாணவர்கள், தங்களுக்குத் தெரிந்த பெண்களின் படங்களைப் போட்டு ஆபாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். படங்களில் இருந்தவர்களில் 18 வயது நிரம்பாத சிறுமிகளும் உண்டு. டெல்லி மகளிர் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது, காவல்துறையின் சைபர் பிரிவு வழக்குப் பதிந்தது, குழுவின் அட்மினான 18 வயது மாணவர் கைதானார்.

வெளிவந்த ஸ்க்ரீன்ஷாட்டுகளில் ஒன்று மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு பரவியது. இரண்டு பையன்கள் ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்யத் திட்டம் போடுவதுபோல் இருந்த உரையாடல் அது. பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். நல்ல பள்ளி, படித்த பெற்றோர், வசதியான வீடு, அங்கிருந்து இப்படி ஒரு பிள்ளையா என்ற கேள்வி ஊரெங்கும் எழுந்தது.

மே 10 அன்று காவல்துறை விசாரணையின் முடிவைச் சொன்னது. அந்த உரையாடலுக்கும் லாக்கர் ரூம் குழுவுக்கும் தொடர்பே இல்லை. அது நடந்தது ஸ்னாப்சாட்டில். பேசிய இருவரில் ஒருவர் பையனே இல்லை; ஆண் பெயரில் போலிக் கணக்கு தொடங்கிய ஒரு சிறுமி. தனக்குத் தெரிந்த பையனின் குணம் எப்படிப்பட்டது என்று சோதித்துப் பார்க்க நினைத்திருக்கிறாள். தன்னையே வன்கொடுமை செய்யலாம் என்று அந்தப் போலிப் பெயரில் அவனிடம் யோசனை சொன்னாள். அவன் மறுத்துவிட்டான். பேச்சை அத்தோடு நிறுத்தினான். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினான். குறிவைக்கப்பட்டவள் என்று அவன் நம்பிய அந்தச் சிறுமிக்கும் அனுப்பினான். நண்பர்களில் ஒருவர் அதை வெளியில் போட, நாடு முழுக்கப் போய்விட்டது.

முடியாது என்று சொல்லி, எச்சரிக்கவும் செய்த ஒரு பையனை, அந்தப் படம் ஒரு வாரம் முழுக்கக் குற்றவாளியாகக் காட்டியது. அதே நாள்களில் குருகிராமில் 17 வயது மாணவன் ஒருவன், இன்ஸ்டாகிராமில் தன்மீது வந்த ஒரு குற்றச்சாட்டுக்குப் பிறகு உயிரை மாய்த்துக்கொண்டான். குற்றம் சொன்னவருக்கும், சொல்லப்பட்டவனுக்கும் முறையான விசாரணை என்ற ஒன்று கிடைக்காமலே போயிற்று.

இதைச் சொல்வதால் லாக்கர் ரூம் குழுவின் குற்றம் குறைந்துவிடாது. அந்தக் குழு உண்மை, அந்தப் பெண்கள் பட்ட அவமானமும் உண்மை. ஆனால் அந்த வாரம் பிள்ளைகளின் கைப்பேசியை வாங்கிப் புரட்டிய பெற்றோருக்கு என்ன கிடைத்திருக்கும்? பெரும்பாலும் பிறந்தநாள் படம், கோயில் வாசல் செல்ஃபி, கிரிக்கெட் வீடியோ. இன்றைய பதின்வயதினர் பலருக்கு இரண்டு கணக்கு உண்டு: ஒன்று மாமா, சித்தி, டியூஷன் சார் எல்லோரும் பார்க்க, இன்னொன்று ஏழெட்டு நண்பர்களுக்கு மட்டும். இன்ஸ்டாகிராமின் ‘குளோஸ் ஃப்ரெண்ட்ஸ்’ பட்டியலில் அப்பா பெயர் இருப்பதில்லை. பெற்றோர் பார்ப்பது பெற்றோருக்கென்றே வைத்த பக்கத்தை.

இந்தச் சிக்கலை அமெரிக்க ஆய்வாளர் டானா பாய்ட் பல ஆண்டுகள் பதின்வயதினருடன் பேசி ஆராய்ந்தார். அவருடைய ‘இட்ஸ் காம்ப்ளிகேட்டட்’ நூல் 2014இல் வந்தது. அதில் ஒரு சம்பவம். புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றின் சேர்க்கை அதிகாரி அவரைத் தொலைபேசியில் அழைத்தார். லாஸ் ஏஞ்சல்ஸின் தெற்குப் பகுதியைச் சேர்ந்த கறுப்பின மாணவன் ஒருவன், ரவுடிக் கும்பல்களின் சூழலிலிருந்து வெளியேற விரும்புவதாக அருமையான கட்டுரை எழுதி விண்ணப்பித்திருந்தான். மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தில் இருந்த அவனுடைய பக்கமோ முழுக்கக் கும்பல் அடையாளங்களாக இருந்தது. அவன் ஏன் எங்களிடம் பொய் சொல்கிறான் என்பது அதிகாரியின் கேள்வி. பாய்ட் வேறு மாதிரி பார்த்தார். கட்டுரை பல்கலைக்கழகத்துக்காக எழுதியது. அந்தப் பக்கம் அவன் தினமும் நடந்துபோக வேண்டிய தெருவுக்காக. அங்கே கும்பலோடு சேராதவன்போல் தெரிந்தால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

அதே நூலில் ஒரு பெண்ணும் வருகிறாள். காதலனைப் பிரிந்த துக்கத்தை அம்மாவுக்குத் தெரியாமல் நண்பர்களிடம் சொல்ல வேண்டும். ஒரு திரைப்படத்திலிருந்து உற்சாகமான பாட்டு வரி ஒன்றை ஃபேஸ்புக்கில் போட்டாள். மகள் சந்தோஷமாக இருக்கிறாள் என்று அம்மா நினைத்தார். படத்தில் அந்தப் பாட்டு சாவுக்குக் காத்திருப்பவர்கள் பாடுவது என்பது நண்பர்களுக்குத் தெரியும். உடனே ஆறுதல் சொல்ல வந்துவிட்டார்கள். மகளின் பக்கத்தை அக்கறையோடு படித்த அம்மாதான் அங்கே ஏமாந்தார்.

‘லைக்’கும் அப்படித்தான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், 13 முதல் 18 வயது வரையிலான 32 பேருக்கு மூளை ஸ்கேன் எடுத்துக்கொண்டே படங்களைக் காட்டினார்கள். படத்துக்குக் கீழே இருந்த லைக் எண்ணிக்கையை ஆய்வாளர்களே நிர்ணயித்திருந்தார்கள். நிறைய லைக் இருந்த படத்துக்கே பிள்ளைகளும் லைக் போட்டார்கள். சிகரெட், மது இருந்த படங்களைப் பார்த்தபோது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் மூளைப் பகுதிகளின் இயக்கம் குறைந்தது. மகன் ஒரு மோசமான மீமுக்குச் சிரிப்பு எமோஜி போட்டிருந்தால், அவன் மனம் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட அது போதாது. பத்து பேர் சிரிக்கும்போது தனியாக நிற்க அவனால் முடியவில்லை என்பதைத்தான் அது முதலில் சொல்கிறது. அதுவும் கவலைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் வேறு கவலை, அதற்கு வேறு பேச்சு தேவை.

வெளியுலகம் இவ்வளவு பொறுமையாக யோசிப்பதில்லை. 2017இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம், சேர்க்கை பெற்ற குறைந்தது பத்து மாணவர்களின் இடங்களைத் திரும்பப் பெற்றது. தனிப்பட்ட ஃபேஸ்புக் குழுவில் அவர்கள் பகிர்ந்த வக்கிரமான மீம்களே காரணம். இந்தியச் சட்டத்தின் பார்வை வேறு. 2015இன் இளைஞர் நீதிச் சட்டம், தவறு செய்த சிறாருக்குப் புதிதாகத் தொடங்கும் வாய்ப்பை ஒரு கொள்கையாகவே வைத்திருக்கிறது. சில விதிவிலக்குகள் தவிர, பழைய பதிவுகளை அழித்துவிடச் சொல்கிறது. ஸ்க்ரீன்ஷாட்டுக்கு அந்தச் சட்டம் தெரியாது.

பெற்றோர் என்ன செய்வது? பதிமூன்று வயதில் கணக்குத் தொடங்கும்போது கூடவே இருந்து பார்ப்பது நியாயம். பதினேழு வயதில் தூங்கும்போது விரலை எடுத்துப் பூட்டைத் திறப்பது நியாயமில்லை. அப்படித் திறந்து கிடைப்பது பாதி உரையாடல்தான். அதற்குக் கொடுக்கும் விலை, பிள்ளையின் நம்பிக்கை. அதைவிட, டெல்லிச் சம்பவத்தையே சாப்பாட்டு நேரத்தில் எடுத்து, “உங்க குரூப்ல இப்படி யாராவது போட்டா, மத்தவங்க என்ன பண்ணுவாங்க?” என்று கேட்கலாம். ‘நீ என்ன பண்ணுவே?’ என்பதைவிட இதற்கு உண்மையான பதில் வரும். குழுவை விட்டு வெளியேறியவர் யார், வேண்டாம் என்றவர் யார், படத்தில் இருந்த பெண்ணிடம் போய்ச் சொன்னவர் யார் என்று பேச்சு வளரும்போது பிள்ளையின் குணம் தானாகத் தெரியவரும்.

இன்னொன்றும் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்: உண்மையைச் சொன்னால் போன் பறிபோகாது. பல பிள்ளைகள் வாயைத் திறக்காததற்கு இந்தப் பயமே காரணம்.

விஷயம் கைமீறிப் போயிருந்தால் உதவிக்கு வழி உண்டு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் பதிவுகள் குறித்துப் பெயர் சொல்லாமலே புகார் தரலாம். 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட அந்தரங்கப் படம் பரவுமோ என்று அஞ்சுபவர்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை 2023 முதல் இருக்கிறது. படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். கைப்பேசியிலேயே அதற்கு ஒரு டிஜிட்டல் அடையாளம் உருவாகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

(தொடரும்)